ஊசி லயத்துக்கு வருது, நாய் மலையில நிக்குது

போன மாதம் எங்கள் கெம்பஸ் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு காணொளி சுற்றியது. வெளிநாட்டு ஒபிஸ் ஒன்றில் வேலை செய்கிற ஒரு பெண் தன் நாயை முதல் தடவையாக வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். முதல் நாள் இரவே குளிப்பாட்டுகிறாள், நகம் வெட்டுகிறாள். தண்ணிக் கிண்ணம், விரிப்பு, பிடித்த பொம்மை எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடுக்குகிறாள். ஒபிசுக்குப் போனதும் நாய் லிஃப்டைப் பார்த்து மிரளுது. அவள் பக்கத்தில் குந்தி அதற்குத் தைரியம் சொல்கிறாள். நம்ம ஆக்கள் கீழே வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். "இலங்கைல எப்பதான் இப்பிடியெல்லாம் வருமோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா.

இலங்கையில் அது எப்பவோ வந்திருச்சு, தங்கச்சி. விடிகாலை ஐந்தரைக்கு யட்டியாந்தோட்டைப் பக்கமோ தெரணியகலைப் பக்கமோ ஒரு ரப்பர் மலைக்கு வந்து பாருங்க. தலையில் டோர்ச் கட்டிய ஒரு பொம்பளை, கையில் பால் வெட்டுற கத்தி, வாளி. அவவுக்கு நாலடி முன்னால் ஒரு நாய். அதுக்குப் பையும் இல்லை, பொம்மையும் இல்லை. லிஃப்டுக்குப் பதிலா வழுக்குப்பாறை. யாரும் அதை "வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்றதில்லை. "அது தானா வருது" என்று சொல்வார்கள்.

இந்தக் கட்டுரை அந்த "தானா வருது" என்ற பேச்சுக்கு எதிராகத்தான். துரைமாரையும் திட்டப்போகிறேன், அவசரப்படாதீங்க. ஆனால் முதல் கோபம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கு.

எங்க அம்மா பால் வெட்டுறவங்க. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதனால் இருட்டோடு போகணும். தேயிலையில் ஒரு நிரைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பாங்க, கூப்பிட்டால் கேட்கும். ரப்பர் அப்படி இல்லை. ஆளுக்கொரு பகுதி, இருநூறு முந்நூறு மரம், அதுக்குள்ள தனியாத்தான் நடக்கணும். கீழே முழுக்கச் சருகு. சருகுக்குள்ள சருகு நிறத்திலேயே விரியன் கிடக்கும், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் ஆட்களை அதிகம் கடிக்கிற பாம்பு அதுதான். அப்புறம் பன்றி. அப்புறம், இதைச் சொல்லாமல் விட்டால் எழுதி என்ன பிரயோசனம், ஆம்பிளைங்க. இருட்டில் குறுக்குப்பாதையில் நிற்கிறவன் யார், எதுக்கு நிற்கிறான் என்று தெரியாது. எங்க மணியன் குரைக்கிற மாதிரியை வைத்தே பன்றியா மனுசனா என்று அம்மா சொல்லிருவாங்க. தோட்டம் அம்மாவுக்குக் குடுத்தது கத்தியும் வாளியும். காவலுக்கு யாரையும் குடுக்கலை. அந்த வேலையை ஒரு நாய் சம்பளம் இல்லாமல் செய்யுது.

அப்படிப்பட்ட நாயைப் பற்றி நிர்வாகம் பேசுற பேச்சைக் கேட்டிருக்கீங்களா? எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், "நாய் மலைக்கு வந்தா பேர் இல்ல" என்று பிரட்டுக்களத்திலேயே சொல்லியாச்சு. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காரணம் கேட்டால், நாய் சிரட்டையைத் தட்டிப் பாலைக் கொட்டுது, கொழுந்துச் சாக்கில் ஒண்ணுக்கு அடிக்குது, குளவியைக் கிளப்பி விடுது. மூன்றும் உண்மை. மறுக்க மாட்டேன். குளவிக்கொட்டு வாங்கி ஆட்கள் செத்த மலைகள் நம்ம மலைகள், அதில் விளையாட்டு இல்லை. ஆனால் இதுக்கெல்லாம் தடை ஒன்றுதான் வழி என்றால், பங்களா நாய்க்கு மட்டும் ஏன் அந்தத் தடை இல்லை? துரை மலை பார்க்க வரும்போது ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நாயைப் பற்றி எங்க தாத்தா கதை கதையாகச் சொல்வார். இந்த நாட்டு மலைகளில் நாயைத் தொழிலுக்குப் பழக்கினதே வெள்ளைக்காரர்தான் என்றுகூடச் சொல்லலாம். சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறினபோது ஒரு கூட்டம் வேட்டைநாய்களை வைத்து மரை வேட்டையாடினவர். அதைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதினார். நாய் மோசம் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லலை. லயத்து நாய்தான் மோசம்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

போன வருஷம் எங்க லயத்துக்கு அடுத்த லயத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவை, கூட வேலை செய்கிறவங்களோட நாய் மலையிலேயே கடித்தது. வெறி எல்லாம் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாலைந்து நாய் சண்டை போட்டது, இவங்க நடுவில் மாட்டிக்கிட்டாங்க. நாய்க்காரங்க சொன்ன முதல் வார்த்தை, "அது எங்க நாய் இல்ல, தானா வருது." பார்த்தீங்களா? காலையில் காவலுக்கு வரும்போது நம்ம நாய், கடித்த பிறகு யாருடையதும் இல்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்போ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம், ஆனால் அக்கா நாலு தடவை போனாங்க, நாலு பேர் போச்சு. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா கணக்கிலேயே பாருங்க, 5,400 ரூபா. பஸ் காசு தனி. எங்க தோட்டத்துக்கு பஸ் வருவதே ஒரு நாளைக்கு மூன்று தடவை.

அதனால்தான் "நாயை வேலைத்தலத்துக்கு ஆயத்தப்படுத்துவது" என்ற பேச்சை நான் பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கத் தயாரில்லை. அந்தக் காணொளிப் பெண்ணைப் பார்த்துச் சிரிச்சேன்தான். பிறகு யோசித்தால், அவள் செய்ததில் பாதி நம்ம செய்திருக்க வேண்டியது. 1999இல் அமெரிக்காவில் "நாயை வேலைக்குக் கூட்டிட்டுப் போகும் நாள்" என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், வருஷத்துக்கு ஒரு நாள். மும்பையில் டாடா குழுமத்தின் தலைமையகம் பொம்பே ஹவுஸ், 2018இல் திருத்திக் கட்டித் திறந்தபோது தெருநாய்களுக்கென்றே அதற்குள் ஓர் அறை ஒதுக்கினார்கள். தெருநாய்க்குத்தான், சாதி நாய்க்கு இல்லை. அங்கே நாய் வேலைத்தலத்துக்குள் வருகிறது என்றால் அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள், ஒரு இடம், ஒரு ஒழுங்கு இருக்கு. நம்ம மலையில் வருஷத்துக்கு முந்நூறு நாள் நாய் வேலைக்கு வருது. பொறுப்புக்கு ஒரு ஆளும் இல்லை.

முதல் விஷயம் விசர்நாய்க்கடி. 1970களின் ஆரம்பத்தில் இந்த நாட்டில் வருஷத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்கள் இதில் செத்தார்கள். இப்போது அது இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கு. இறக்கியது நாய்க்குப் போடுற ஊசியும் ஆஸ்பத்திரி ஊசியும்தான். நோய் அறிகுறி தெரிந்த பிறகு இதற்கு வைத்தியமே இல்லை என்றுதான் சொல்லணும். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த எழுபதை நம்ம தோட்டத்தில் எட்டவே முடியாது. ஏன் என்று சொல்றேன், இதுதான் நான் எழுத வந்ததே.

எம்.ஓ.எச். ஒபிசிலிருந்து நாய்க்கு ஊசி போட வருவார்கள். நல்ல மனுசர்கள், வெயிலில் நடந்து வருவார்கள், காசு வாங்குவதில்லை. எப்போது வருவார்கள்? வேலை நாளில், காலை பத்து மணிக்கு. எங்கே வருவார்கள்? லயத்துக்கு. அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? பாட்டிமார், பிள்ளைக்காம்பராவுக்குப் போகாத குழந்தை, கட்டிப்போட்ட இரண்டு நாய், நடக்க முடியாத கிழட்டு நாய் ஒன்று. மிச்ச நாயெல்லாம் எங்கே? வேலைக்குப் போயிருச்சு. மலையில நிக்குது. மற்ற நாயோடு முட்டிக்கொள்கிற, காட்டு ஓரத்தில் கீரிப்பிள்ளையைத் துரத்துற, பத்துப் பேர் காலுக்கிடையில் சுத்துற நாய்கள் அவை. ஊசி முதலில் போட வேண்டிய நாயே அதுதான். அதுக்கு ஊசி இல்லை. பாட்டி மடியில் படுத்திருக்கிற நாய்க்கு மட்டும் வருஷா வருஷம் ஊசி.

இதை யாரும் வேணும்னு செய்யலை. நாய் வேலைக்குப் போகுது என்ற உண்மையை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாததால் வந்த வினை. நிர்வாகம் ஒத்துக்கொண்டால் காவல் குடுக்காத கதை வெளியே வரும். நம்ம ஒத்துக்கொண்டால் கடிக்குப் பொறுப்பு ஏற்கணும். ரெண்டு பக்கத்துக்கும் "தானா வருது" வசதி.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஊசியைப் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவாங்க. காலையில் பேர் போடும்போது ஆளும் நிற்குது, நாயும் நிற்குது. அதுவும் முடியாவிட்டால் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு. அரை மணித்தியாலத்தில் ஒரு டிவிசன் நாய் முழுக்க முடிஞ்சிரும். சொந்தக்காரங்க பக்கத்திலேயே இருப்பதால் பிடிக்கவும் லேசு. குட்டியிலேயே தொடங்கி வருஷத்துக்கொரு தடவை. போட்ட நாய்க்கு கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினாலே போதும், அடுத்த கடியில் அந்த அக்கா மாதிரி யாரும் "ஊசி போட்டதா" என்று தெரியாமல் முழிக்க வேண்டியதில்லை. (போட்டிருந்தாலும் கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுற தண்ணியில் கழுவிட்டு டொக்டரைப் பார்க்கத்தான் வேணும். மஞ்சள் தூள் வைக்கிற பெரியம்மாமார் தயவுசெய்து இதை வாசிக்கவும்.)

சட்டம் என்ன சொல்லுது என்று தேடினேன். விசர்நாய்க்கடிக்கு ஒரு கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்ய ஒன்று 1901இலும் வந்திருக்கு. தேயிலை வந்து நிலைத்த காலத்துச் சட்டங்கள். பதிவு செய்ய வேண்டியது உள்ளூராட்சி சபை. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்தபடியால் தோட்டத்துக்குள் சபைகள் காசு செலவழிக்க முடியாமல் கிடந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ரோட்டையும் தண்ணியையும் பற்றித்தான் அந்தத் திருத்தத்தைப் பேசுவோம், நாயைப் பற்றி யார் பேசினது? அந்தக் கதவு இப்போது திறந்துதான் இருக்கு. நம்ம வோட்டில் சபைக்குப் போனவங்களிடம் கேளுங்க.

ஊசியோடு முடியலை. இரத்தினபுரியும் கேகாலையும் வருஷா வருஷம் எலிக்காய்ச்சல் அதிகம் வருகிற மாவட்டங்கள். நாய்க்கும் அது வரும், நாயின் சிறுநீரில் கிருமி போகும். கொழுந்துச் சாக்கில் ஒண்ணுக்கு அடிக்கிற விஷயத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் கத்துறது ஒரு வகையில் சரிதான் என்று நான் சொல்வது இதனால்தான். அரசாங்கம் இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடி ஊசி மட்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுற ஊசிக்கு மிருக வைத்தியரிடம் காசு குடுக்கணும். அதை நம்ம சம்பளத்தில் எல்லாராலும் செய்ய முடியாது. முடியாத வரைக்கும் கொழுந்து வைக்கிற இடத்துக்கும் சாப்பிடுற இடத்துக்கும் நாயை விடாமல் பழக்குவதாவது நம்ம கையில் இருக்கு.

பழக்குவது என்றதும் பொலிஸ் நாயை நினைக்காதீங்க. மலைக்குப் போகிற நாய்க்கு மூன்று சொல் போதும்: வா, இரு, வேணாம். நம்ம ஆக்களுக்குத் தெரிந்த ஒரே பாடம் கம்பு. அடி வாங்கின நாய் கூப்பிட்டால் வராது, தள்ளி நின்று வாலை ஆட்டும். குளவி கிளம்பின நேரம் ஒரு நாய் கூப்பிட்டதும் வரணுமா, தேயிலைக்குள்ளே ஓடணுமா? கூப்பிட்டு வந்த அந்த நொடியே ஒரு துண்டு ரொட்டி குடுங்க, ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பார்க்கிறதை எல்லாம் அது பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கூடை, படங்கு கட்டின ஆள், கொழுந்து லொறி, புல்வெட்டுற மெஷின் சத்தம், எல்லாத்தையும் அந்த வயதில் தூர நின்று காட்டணும். நம்ம என்ன செய்றோம்? அந்த வயதில் கோழிக்கூட்டுப் பக்கத்தில் கட்டி வைச்சிட்டு, ஏழு மாதத்தில் திடீரென்று அவிழ்த்து விடுறோம். பிறகு லொறி டயரைத் துரத்திச் சாகுது என்று அழுறோம்.

மருந்தடிச்ச மலைக்கு நாயைக் கூட்டிப் போகவே கூடாது. களைநாசினி கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். ஈரப் புல்லில் நடந்த நாய் பிறகு என்ன செய்யும்? பாதத்தை நக்கும். எந்த மலையில் எப்போது அடிக்கிறார்கள் என்று முதல் நாளே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியது நாய்க்காக மட்டும் இல்லை, வெறுங்காலோடு நடக்கிற அம்மாமாருக்காகவும்தான். பிறகு கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கறுஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப் போச்சு. அதுக்காக நாடே அழுதது, அழவேண்டியதுதான். அதே மாதிரிச் சுருக்கில் நம்ம நாய்கள் எத்தனை மாட்டுது? அதைக் கட்டுறது யார்? கொழும்பிலிருந்து வந்தா கட்டுறாங்க? பன்றி இறைச்சிக்கு ஆசைப்பட்டு நம்ம லயத்து ஆம்பிளைகளும் கட்டுறாங்க. இதை எழுதினதுக்கு ஊரில் ரெண்டு மாமாமார் என்னோடு பேசமாட்டார்கள், பரவாயில்லை.

கெம்பசில் இதைப் பேசினபோது ஒரு தோழர் கேட்டார்: "மலையில பொம்பளைங்களுக்கே கக்கூஸ் இல்ல, நீ நாய்க்கு ஊசி கேக்குறியா?" கைதட்டலும் கிடைத்தது. கேள்வி நல்லா இருக்கு, ஆனால் கணக்குப் பிழை. நாய்க்கு ஊசி போடாததால் மிச்சமான காசில் யாருக்கும் கக்கூஸ் கட்டலை. நாய் கடித்து நாலு பேர் இழந்த அந்த அக்கா எந்தப் பட்டியலில் வருவா, நாய்ப் பட்டியலிலா மனுசப் பட்டியலிலா? இருட்டில் தனியாகப் பால் வெட்டுற பொம்பளைக்குக் காவல் வேணும் என்று கேட்டால் அது தொழிற்சங்கப் பிரச்சினை. அந்தக் காவலை இப்போது செய்கிற நாய்க்கு ஊசி கேட்டால் மட்டும் அது சின்னப் பிரச்சினை ஆகிருதா? கக்கூசையும் கேட்போம். நாய் வேணாம், டோர்ச் வெளிச்சமும் துணைக்கு ஆளும் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னால், நாளைக்கே மணியனை வீட்டில் விட்டுட்டுப் போக அம்மா தயார். தருவார்களா?

ரோதை முனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் படையல் வைக்கிற ஆக்கள் நம்ம. வேலைக்கு உதவுற எதையும் கும்பிடாமல் விட்டதில்லை. வைரவர் கோயிலுக்குப் போனால் நாய்ச் சிலைக்கும் ஒரு பூ வைப்போம். உயிரோடு இருக்கிற நாய்க்குக் கம்பு.

நான் லீவில் போனபோது மணியனுக்கு "இரு" பழக்கினேன். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு. "நாய்க்குப் பள்ளிக்கூடமா?" என்றாங்க. பதினோராவது நாள் சிரட்டைக்குக் கிட்டப் போகாமல் வேரடியில் படுத்திருந்தது. இப்போது போன் எடுத்தால் எனக்கு முன்னால் அதன் கதைதான் வருது, "இருன்னா இருக்குதுடா, ஒரு சொட்டுப் பால் கொட்டல."

பிரட்டுக்களத்தில் ஊசி போடச் சொல்லி எம்.ஓ.எச். ஒபிசுக்குக் கடிதம் எழுதி, முப்பத்தியேழு பேரிடம் கையெழுத்து வாங்கி, தோட்டத் தலைவரிடம் குடுத்தேன். அவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் மேலே போகுமாம். வாசித்துப் பார்த்துவிட்டு, "பாப்போம் தம்பி" என்றார். மூன்று மாதம் ஆச்சு. அவர் வீட்டு நாயும் காலையில் அவர் பின்னாலேயே மலைக்குப் போகுது. அதுக்கும் ஊசி போடலை.